செபுல்துராவின் இசையில் அச்சமும் வெகுளியும்

முன்னுரை

இசையை ஆராய்வோர் பெரும்பாலும் பண்பட்ட செவ்விசையையோ நாட்டுப்புற மக்களின் பாடல்களையோ தம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வர். மின்னாற்றலால் பெருக்கப்பட்ட பேரோசையும், உறுமலாக வெளிப்படும் குரலும், செவி தொடர்ந்து செல்லமாட்டாத விரைவும் உடைய 'திராஷ் மெட்டல்' என்னும் இசைவகை அவர்தம் கருத்தைக் கவர்வதில்லை. இளைஞரின் ஆரவாரம் என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு கலைவடிவம் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்குச் சென்று வேர்கொள்ளும் முறையை அறிய விரும்புவோர்க்கு அவ்விசைவகையில் நல்லதொரு சான்று கிடைக்கின்றது. பிரேசில் நாட்டில் 1984ஆம் ஆண்டில் தோன்றிய 'செபுல்துரா' என்னும் குழுவே அச்சான்றாகும்.

அக்குழுவின் வரலாற்றை நிரல்படக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அயலாரிடமிருந்து இரவலாகப் பெற்ற கலைவடிவம் எந்நிலையில் பெற்றவரின் மண்ணுக்கு உரியதாகின்றது என்னும் வினாவுக்கு விடை காண்பதே நோக்கம். நம் நாட்டு இசைக்கருவி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அது நம்முடையதாகிவிடும் என்று கருதுவோர் உண்டு. செபுல்துராவைப் போற்றுவோருட் பலரும் பழங்குடியினரின் முழவும் பாட்டும் கலந்த 1996ஆம் ஆண்டு இசைத்தட்டையே அக்குழுவின் முடியாகக் கொள்வர். அக்கொள்கை முழுதும் பொருந்துவதன்று என்பது இக்கட்டுரையிற் காட்டப்பெறும்.

ஆராய்தற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த அச்சம், வெகுளி என்னும் இரண்டும் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது அவர் கொள்கை. வெகுளியோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கின்கண் தோன்றும். மெய்ப்பாடு மாந்தர் அனைவர்க்கும் பொதுவாதலின், அயல்நாட்டுக் கலையை அளத்தற்கும் அஃது ஏலாததன்று. மேலும், திராஷ் இசையின் உயிர்நிலை இவ்விரு மெய்ப்பாடுகளே. காதலும் உவகையும் அதன்கண் அரியவை.

இசைவகையின் இயல்பு

1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், சற்றே பின்னர் ஜெர்மனியிலும் இவ்விசைவகை உருப்பெற்றது. மெட்டாலிகா, ஸ்லேயர் ஆகிய கலிபோர்னியக் குழுக்களின் முதல் இசைத்தட்டுகள் 1983இல் வெளிவந்தன. 'திராஷ்' என்னும் சொல்லுக்கு அடித்துப் புடைத்தல் என்பது பொருள். வலக்கையின் விளிம்பினால் கித்தாரின் தந்திகளை ஒற்றிக்கொண்டு, ஓசையை நீளவிடாமல் நறுக்கு நறுக்காக மீட்டுவது இதன் தனிமுறை. பெருமுரசை இரு கால்களாலும் மாறிமாறி அடித்து விரைவு கூட்டுவது மற்றொன்று. இனிய இழுமென் ஓசையை வேண்டுமென்றே விலக்கி, வல்லோசையையே அழகாகக் கொண்ட இசை இது. ஆகவே இதன்கண் இனிமை இல்லை என்று குறைகூறுதல், போர்ப்பறையில் தாலாட்டைத் தேடுதல் போன்றதாகும்.

இரவல் அணங்கு

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தலைநகரான பெலோ ஹொரிசோன்டேயில் மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்னும் உடன்பிறந்தார் இருவரும் இக்குழுவைத் தொடங்கினர். மாக்ஸ் 1969இலும் இகோர் 1970இலும் பிறந்தவர்கள். பிரேசிலில் படைத்துறையினரின் ஆட்சி நிலவியது 1964 முதல் 1985 வரை. எனவே இருவரும் அவ்வாட்சியிற் பிறந்து அவ்வாட்சியிலேயே வளர்ந்தவர்கள். தந்தையை இளமையிலேயே இழந்தவர்கள். மோட்டர்ஹெட் என்னும் ஆங்கிலக் குழுவின் பாடலொன்றைத் தம் தாய்மொழியாகிய போர்த்துக்கேயத்தில் பெயர்க்க முயன்றபோது மாக்ஸ் கண்ட சொல்லே 'செபுல்துரா'. அதற்குக் கல்லறை என்பது பொருள். மொழிபெயர்ப்பிற் பிறந்த பெயர் என்பது கருதத்தக்கது. அயல்மொழிப் பாடலின் வழியாகவே அவர்கள் தம் மொழிச் சொல்லொன்றைத் தமக்குப் பெயராகக் கண்டனர்.

பாவ்லோ ஜூனியர், ஜைரோ கெட்ஸ் ஆகியோரும் உடனிருக்க, 1985இல் 'பெஸ்டியல் டெவஸ்டேஷன்' என்னும் சிறு இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதே நகரத்தில் இசைத்தட்டுக் கடை நடத்திய கொகுமெலோ நிறுவனத்தார், ஓவர்டோஸ் என்னும் வேறொரு குழுவின் பாடல்களோடு சேர்த்து ஒரே தட்டாக அதனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு 'மார்பிட் விஷன்ஸ்' வெளிவந்தது. இவ்விரண்டிலும் அமைந்த பாடல்களின் பொருள் பேய், சாவு, கடவுட் பழிப்பு என்பனவே. அவை ஆங்கிலக் குழுவாகிய வெனம், சுவிட்சர்லாந்துக் குழுவாகிய செல்டிக் ஃபிராஸ்ட் முதலியோரிடமிருந்து வந்தவை. சொற்றொடர்களும் அங்கிருந்தே வந்தன. ஆங்கிலம் செம்மையாக அறியாத இளைஞர் தாம் கேட்ட பாடல்களின் சொற்களைக் கோத்துப் பாடினர் என்பது அப்பாடல்களைக் கேட்பார்க்கு எளிதிற் புலனாகும்.

தொல்காப்பியர் கூறிய நால்வகை அச்சப்பொருள்களுள் இங்கே அணங்கு ஒன்றே உள்ளது. அவ்வணங்கும் இரவலாகப் பெற்றது. 1985ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாட்டில் படைத்துறை ஆட்சி நீங்கியது. இருபத்தோராண்டு ஆட்சியின் முடிவைக் கண்ணாற் கண்ட இளைஞரின் பாடல்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அஞ்சத்தக்க இறை அருகிலிருக்க, கடல்கடந்த நாட்டுப் பேயைக் கண்டு அவர்கள் அஞ்சிப் பாடினர்.

ஆயினும் அவ்விளமைப் படைப்பை வெறும் போலி என்று தள்ளுதல் நடுவுநிலைமையாகாது. கத்தோலிக்க சமயம் ஆழ வேரூன்றிய நாடு பிரேசில்; அதனுள்ளும் பழமையான தேவாலயங்கள் மிக்க மாநிலம் மினாஸ் ஜெராய்ஸ். அங்கே கடவுட் பழிப்பைப் பாடுதல், இங்கிலாந்தில் பாடுதலினும் பெரிய மீறலாகும். வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்த அதிகாரக் குரலுக்கு மறுமொழியாக அது பிறந்தது எனக் கொள்ளலாம். உணர்ச்சி அவர்களுடையது, அதற்குரிய பொருள்தான் இன்னும் அவர்களுடையதாகவில்லை. தொடக்ககாலக் கலைஞர் பலர்க்கும் நேரும் நிலையே இது.

பெயரில்லாத அச்சம்

1987இல் ஜைரோ கெட்ஸ் விலக, சாவோ பாவ்லோவினின்று ஆண்ட்ரியாஸ் கிசர் என்னும் கித்தார்க் கலைஞர் வந்து சேர்ந்தார். இசையறிவு நிரம்பிய அவர் வரவால் குழுவின் நடையே மாறியது. அவ்வாண்டு வெளிவந்த 'ஸ்கிசோஃபிரினியா'வில் பாட்டில்லாத தனியிசையாக அமைந்த 'இன்குவிசிஷன் சிம்ஃபனி' இதற்குச் சான்று. பதினோராண்டுகளுக்குப் பின்னர், 1998இல், பின்லாந்து நாட்டின் அபோகாலிப்டிகா குழுவினர் அதனைச் செல்லோ என்னும் நரம்புக்கருவிகளில் இசைத்துத் தம் இசைத்தட்டுக்கும் அப்பெயரையே சூட்டினர். ஆரவாரம் என்று ஒதுக்கப்பட்ட இசையின் உள்ளே உறுதியான கட்டமைப்பு இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் ரோட்ரன்னர் நிறுவனம் இவர்களை ஏற்றுக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வந்த ஸ்காட் பர்ன்ஸ் என்னும் ஒலிப்பதிவுக் கலைஞரின் துணையோடு, ரியோ டி ஜெனிரோவில் இரவுப்பொழுதுகளிற் பதிவுசெய்யப்பட்டு, 1989இல் வெளிவந்தது 'பினீத் தி ரிமெய்ன்ஸ்'. 1991இல் 'அரைஸ்' வந்தது. திராஷ் இசையின் இலக்கணத்தை மட்டும் அளவாகக் கொண்டு நோக்கின் இவ்விரண்டுமே குழுவின் சிறந்த படைப்புகள். விரைவும் தெளிவும் ஒருங்கே அமைந்து, கலிபோர்னியக் குழுக்களோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க நிலையை அவை எய்தின.

இவற்றின் பாடற்பொருளில் பேய் பின்சென்றுவிட்டது. போர், அடிமைநிலை, மக்கள் கூட்டத்தை மயக்கும் அதிகாரம், தன்னுள்ளே தளராது நிற்கும் உறுதி என்பன முன்வந்தன. அணங்கினின்று இறைக்கு அச்சம் இடம்பெயர்ந்தது எனலாம். ஆயினும் எந்தப் போர், எந்த அதிகாரம், எந்த ஊர் என்பது சொல்லப்படவில்லை. 'அரைஸ்' இசைத்தட்டின் பாடல்களை ஜெர்மானியக் குழுவொன்று பாடியிருப்பினும் பொருளில் வேறுபாடு தோன்றாது. கலை வளர்ந்துவிட்டது, நிலம் இன்னும் தோன்றவில்லை. செப்பமான படைப்பும் வேர்கொண்ட படைப்பும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரு தட்டுகளும் எடுத்துக்காட்டாகும்.

பெயர்பெற்ற வெகுளி

1993இல் வெளிவந்த 'கேயாஸ் ஏ.டி.' என்னும் இசைத்தட்டில்தான் திருப்பம் நிகழ்ந்தது. இது பதிவுசெய்யப்பட்டது பிரேசிலில் அன்று. பிரித்தானியத் தீவின் மேற்பகுதியான வேல்ஸில், ஆண்டி வாலஸ் என்னும் அமெரிக்கரின் மேற்பார்வையில். நாட்டினின்றும் விலகியிருந்தபோதே நாடு பாட்டில் வந்தது என்பது எண்ணத்தக்கது.

இத்தட்டு மாக்ஸின் பிறவாத மகனுடைய இதயத் துடிப்போடு தொடங்குகின்றது. தாயின் வயிற்றிலுள்ள குழவியின் அத்துடிப்பைத் தொடர்ந்து இகோரின் முழவொலி எழுகின்றது. கல்லறை எனப் பெயர்கொண்ட குழுவின் இசை கருவறையின் ஓசையிலிருந்து தொடங்குவது தற்செயலன்று. முன்னைய தட்டுகளின் இடையறா விரைவு இங்கே குறைந்து, நடை கனத்தது. பிரேசில் நாட்டுச் சம்பா முழவின் நடையை இகோர் தம் முரசுகளில் ஏற்றியிருப்பதைச் செவியுடையார் உணர்வர். நாட்டுக் கருவி ஒன்றைக் கொணர்ந்து சேர்த்தல் வேறு. உலகப் பொதுவாகிவிட்ட கருவியிலேயே நாட்டு நடையை வாசித்தல் வேறு. முன்னது அணி, பின்னது உடம்போடு ஒன்றிய இயல்பு.

பாடற்பொருளை நோக்குவோம். 'மேனிஃபெஸ்ட்' என்னும் பாடல், 1992ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சாவோ பாவ்லோ நகரின் கராண்டிரு சிறையில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றியது. சிறையிலெழுந்த கலகத்தை அடக்கப் புகுந்த படைக்காவலர் செயலால் அன்று 111 சிறைவாசிகள் இறந்தனர். அந்நிகழ்ச்சியின் நாளையும் இடத்தையும் செய்தியறிக்கை படிப்பார் போன்ற குரலில் கூறுகின்றது அப்பாடல். உவமையில்லை, உருவகமில்லை. கல்வெட்டிற் காணும் வறண்ட நடையே அதற்கு ஆற்றலைத் தருகின்றது. எட்டாண்டுகளுக்கு முன் இல்லாத பேயைப் பற்றி அவ்வளவு உரக்க முழங்கிய குரல், உண்மையான கொலையைக் கூறும்போது தாழ்ந்து தட்டையாயிற்று. அடக்கம் வேண்டும் இடத்தை அறிந்த கலைஞரின் செயல் அது.

'கயோவாஸ்' என்பது சொல்லில்லாத இசை. மின்னோசை நீக்கிய கித்தார்களாலும் முழவுகளாலும் ஆனது. வேல்ஸில் உள்ள செப்ஸ்டோ கோட்டையின் இடிபாடுகளிடையே பதிவுசெய்யப்பட்டது. நிலம் பறிக்கப்பட்டுத் தற்கொலையில் மாய்ந்த குவாரானி கயோவா மக்களை நினைந்து அது அமைந்தது. குடிகோள் என்று தொல்காப்பியர் கூறியது, குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தலாகும். ஒரு குடி முழுமைக்கும் சூழ்ந்த கேட்டை எண்ணி எழுந்த வெகுளி இங்கே சொல்லின்றி நிற்கின்றது. அம்மக்களின் மொழியை அறியாதார் அவர்களுக்காகச் சொல் எடுக்காமை பொருத்தமே. 'மேனிஃபெஸ்ட்' கொலையின்கண் எழுந்த வெகுளி; 'கயோவாஸ்' குடிகோளின்கண் எழுந்தது. 'ரெஃப்யூஸ், ரெசிஸ்ட்' என்னும் முதற்பாடல் தெருவில் மக்களை அலைக்கும் அதிகாரத்தை நோக்கியது. ஆகவே அதனை அலையின்பாற் படுத்தலாம்.

இங்கே ஒரு பொதுவுண்மை விளங்குகின்றது. அச்சத்திற்குப் பெயர் வேண்டுவதில்லை. இருளைக் கண்டும் அஞ்சலாம். வெகுளியோ இன்னார், இன்ன இடத்தில், இன்னது செய்தார் என்னும் தெளிவின்றிப் பிறவாது. செபுல்துராவின் பாடல்களில் ஊர்ப்பெயரும் நாளும் குடிப்பெயரும் நுழைந்த அன்றே அச்சம் வெகுளியாக மாறியது. அன்றே இரவல் வடிவம் அவர்களுடையதும் ஆயிற்று. 1996ஆம் ஆண்டு வரையில் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

வேரும் கடனும்

1996இல் வெளிவந்த 'ரூட்ஸ்' என்னும் தட்டின் பெயர்க்கு வேர்கள் என்பது பொருள். கலிபோர்னியாவில் ராஸ் ராபின்சன் என்பாரின் மேற்பார்வையில் உருவான இதன் ஒருபகுதிக்காக, குழுவினர் மாட்டோ குரோசோ மாநிலத்தில் உள்ள பிமென்டெல் பார்போசா என்னும் ஷவான்டே பழங்குடியினரின் ஊருக்கு நேரிற் சென்றனர். அவ்வூரிலேயே அம்மக்களோடு அமர்ந்து பதிவுசெய்தது 'இட்சாரி' என்னும் பகுதி. ஷவான்டே மொழியில் அச்சொல்லுக்கும் வேர் என்பதே பொருள். பாயியா மாநிலத்தின் முழவுக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனும் இத்தட்டில் பங்குகொண்டார்.

ஷவான்டே மக்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். வெளியாரின் நுழைவை நெடுங்காலம் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். 1941இல் தம்மை அணுக வந்த அரசாங்கக் குழுவினரைக் கொன்றனர். 1946இல்தான் அமைதியான தொடர்பு ஏற்பட்டது. 1941இல் கொல்லப்பட்ட குழுவின் தலைவர் பெயரே பிமென்டெல் பார்போசா என்பது. அம்மக்களின் நிலத்திற்கு நாடு இட்ட பெயரிலேயே அவ்வரலாறு உறைந்து கிடக்கின்றது. அவர்களிடையே பாட்டு என்பது ஒருவர் புனைவதன்று. இளைஞர் கனவில் முன்னோரிடமிருந்து பெறுவது. கனவிற் பெற்றதை ஒருவன் தன் தோழர்க்குக் கற்பிக்க, அனைவரும் வட்டமாக நின்று பாடுவர். பெற்றவன் ஒருவனாயினும் பாட்டு கூட்டத்திற்கு உரியதாகின்றது.

இத்தகைய மக்களின் பாட்டை நகரத்து இளைஞர் இசைத்தட்டில் இடுதல் முறையா என்னும் வினா எழுதல் இயல்பு. இதில் இருபக்கமும் நோக்கவேண்டும். 'இட்சாரி'யில் ஷவான்டேயரின் பாட்டே முன்நிற்கின்றது. கித்தார் அதற்குத் துணையாகப் பின்செல்கின்றது. பேரோசையின் நடுவே அதனை நறுக்கிச் சுவைப்பொருளாகத் தூவவில்லை. நேரிற் சென்று, உடனமர்ந்து, அவர் பெயரைச் சொல்லி வெளியிட்டனர். எடுத்தாளுதலுக்கும் களவாடுதலுக்கும் இடையே உள்ள எல்லையை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு பக்கமும் உண்டு. தட்டின் முகப்பில் உள்ள பழங்குடி இளைஞனின் உருவம் ஷவான்டேயருடையதன்று. 1990இல் வெளியான 1000 குருசேரோ பணத்தாளில் அச்சிடப்பட்டிருந்த உருவத்தைத் தழுவியது அது. யார் நிலத்தை நாடு கொண்டதோ அவர்தம் முகத்தையே நாடு தன் பணத்தில் அச்சிட்டது. அப்பணத்தின் வழியாகவே குழுவினர் அம்முகத்தை அடைந்தனர். தட்டின் ஓசையமைப்போ கலிபோர்னியாவில் அந்நாளிற் புதிதாய்த் தோன்றியிருந்த கோர்ன் என்னும் குழுவின் தாழ்சுருதி நடைக்குப் பெரிதும் கடன்பட்டது. கோர்னின் 1994ஆம் ஆண்டு முதல் தட்டும் ராபின்சனின் மேற்பார்வையிலேயே உருவானது. அக்குழுவின் பாடகர் 'ரூட்ஸ்' தட்டில் ஒரு பாடலில் பங்குகொண்டும் உள்ளார். வேர்களைப் பற்றிய படைப்பிலேயே இரவல் மீண்டும் மிகுந்தது. முதற்பாடலில் வேர் என்னும் சொல் முழக்கமாகத் திரும்பத் திரும்ப வருகின்றது. ஆனால் எதன் வேர், யார் வேர் என்பதை அப்பாடல் விளக்கவில்லை. 'மேனிஃபெஸ்ட்' கொண்டிருந்த தெளிவு இங்கே இல்லை. அமேசான் காட்டு மக்களுக்காகப் போராடி 1988இல் கொலையுண்ட சிக்கோ மெண்டிசை நினைந்த 'ஆம்புஷ்' போன்ற பாடல்களிலேயே அத்தெளிவு எஞ்சியுள்ளது.

ஆகவே 'ரூட்ஸ்' முடிவான வெற்றி அன்று. கடனை ஒப்புக்கொண்ட படைப்பு. வேர் தம்மிடம் இல்லை, வேறொரு மக்களிடம் உள்ளது, அதனை அவர்களிடம் சென்றே கேட்கவேண்டும் என்று நகரத்து இளைஞர் அறிந்த இடம் அது. அவ்வகையில் அதன் பெருமை குறைவதில்லை.

மொழி

தமிழாராய்ச்சியாளர்க்கு எழக்கூடிய தலையாய ஐயம் ஒன்று உண்டு. தாய்மொழியை விட்டு ஆங்கிலத்தில் பாடியவர்கள் மண்ணின் பாடகராதல் எங்ஙனம்? இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. கராண்டிருச் சிறையில் மாண்டவர்களின் சுற்றத்தாருட் பெரும்பாலோர் அப்பாடலின் சொற்களை நேரே உணர்ந்திருக்க இயலாது. உலகு கேட்கவேண்டுமென்று பாடியதில், ஊர் கேளாமற் போயிற்று. இவ்விழப்பைக் குழுவினரும் ஓரளவு உணர்ந்தனர் போலும். டிட்டான்ஸ் என்னும் பிரேசில் குழுவின் 'போலீசியா' முதலிய போர்த்துக்கேயப் பாடல்களை எடுத்துப் பாடினர்.

'ரூட்ஸ்' தட்டில் உள்ள 'ரதமஹட்டா' பெரிதும் போர்த்துக்கேயத்தில் அமைந்தது. அதன்கண் மூன்று பெயர்கள் அடுக்கி வருகின்றன. சும்பி என்பவர் தப்பியோடிய அடிமைகளின் தலைவராய் நின்று 1695இல் கொல்லப்பட்டவர். லம்பியாவ் 1938இல் வீழ்ந்த வடகிழக்குப் பகுதிக் கொள்ளைத் தலைவன். சே டோ கைஷாவ் பிரேசில் நாட்டு அச்சப் படங்களிற் பேயுருவாய்த் தோன்றும் பாத்திரம். தொல்காப்பியரின் பட்டியலோடு இதனை ஒப்பிட்டால் வியப்புத் தோன்றும். கள்வர் இனத்துக்கு லம்பியாவ்; அணங்கின் இனத்துக்குச் சே டோ கைஷாவ்; இறையை எதிர்த்து நின்றவராகச் சும்பி. 1985இல் ஐரோப்பாவினின்று அணங்கை இரவல் வாங்கியவர்கள், 1996இல் தம் நாட்டு அணங்கையே தம் மொழியில் அழைத்தனர். குழுவின் பதினோராண்டு வளர்ச்சியை இவ்வொரு பாடலிற் காணலாம். இவ்வழியில் அவர்கள் மேலும் செல்லாமை பெருங்குறையே.

பிரிவுக்குப் பின்

மேலும் செல்லாமைக்குக் காரணம் பிரிவு. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாக்ஸின் மனைவியின் மகன் விபத்தில் இறந்தார். குழுவை மேலாண்மை செய்துவந்தவரும் அம்மனைவியே. அவருடைய பொறுப்பைத் தொடர்வதில் எழுந்த வேறுபாட்டால், அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனில் நடந்த நிகழ்ச்சிக்குப் பின் மாக்ஸ் விலகினார். சோல்ஃபிளை என்னும் புதுக்குழுவை அமைத்தார். செபுல்துராவிலோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த டெரிக் கிரீன் பாடகரானார். 1998இல் 'அகென்ஸ்ட்' வெளிவந்தது. அதில் ஜப்பானியரின் கோடோ முழவுக்குழுவோடு இணைந்த 'காமைடாச்சி' உள்ளது. நேரிற் சென்று பிற மக்களோடு இசைக்கும் முறை தொடர்ந்தது என்பதற்கு அது சான்று.

பின்னர் குழுவின் நாட்டம் நிலத்தினின்று நூலுக்குத் திரும்பியது. 2006இல் வந்த 'டான்டே இருபத்தொன்று' டான்டேயின் தெய்வீகக் காப்பியத்தையும், 2009இல் வந்த 'ஏ-லெக்ஸ்' அந்தனி பர்ஜெசின் புதினத்தையும் தழுவியவை. 2006இல் இகோரும் விலகினார். தொடக்ககாலத்திலிருந்து எஞ்சியவர் பாவ்லோ ஜூனியர் ஒருவரே. 2020இல் வந்த 'குவாட்ரா'வில் இசைத்திறன் மிக உயர்ந்து நிற்கின்றது. எனினும், கற்றறிந்த பொருள் கண்டறிந்த பொருளின் வெம்மையைத் தருவதில்லை.

கவலேரா உடன்பிறந்தார் இல்லாத குழு செபுல்துராவாகாது என்போர் பலர். இது வாதத்துக்குரியது. மாக்ஸ் குழுவிற் பாடிய காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு. கிரீன் பாடிய காலம் அதனினும் இருமடங்குக்கு மேல். மூலநூலைச் செய்தவர் ஒருவராக, அதனைப் பேணி உலகெங்கும் கொண்டுசென்றவர் மற்றொருவராதல் உண்டு. ஒருவர் புகழைக் கொண்டு மற்றவர் உழைப்பை மறைத்தல் தகாது. 2023இல் உடன்பிறந்தார் இருவரும் தம் முதலிரு படைப்புகளையும் மீண்டும் பதிவுசெய்து வெளியிட்டனர். வாசிப்பிலே தேர்ச்சி மிகுந்துள்ளது. ஆனால் இளைஞரின் அறியாமையே அப்பாடல்களுக்கு இருந்த ஒரே நியாயம் என்பதை அம்முயற்சி வெளிப்படுத்திவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் செபுல்துரா தன் விடைபெறலை அறிவித்தது. 2024 மார்ச்சில், தோன்றிய ஊராகிய பெலோ ஹொரிசோன்டேயிலேயே அவ்விடைபெறு பயணம் தொடங்கியது.

வழிவந்தோரும் முடிவும்

ஒரு கலைஞரின் எச்சத்தை அவரைப் போலச் செய்வோரின் எண்ணிக்கையால் அளத்தல் ஒருமுறை. அவர் நிறுத்திய இடத்தினின்று தொடர்வோரால் அளத்தல் மற்றொரு முறை, அதுவே சிறந்தது. 2008இல் பிரேசிலில் தோன்றிய அரண்டு அரக்குவா என்னும் குழு உலோக இசையைத் துப்பி முதலிய பழங்குடி மொழிகளில் பாடியது. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழுவினர் 2018இல் வெளியிட்ட தம் முதல் தட்டிலேயே மாவோரி மொழியில் திராஷ் பாடல்களைப் பாடினர். பிரான்சின் கொஜிரா குழு 2021இல் 'அமேசோனியா' என்னும் பாடலை வெளியிட்டு, பிரேசிலின் பழங்குடி மக்கள் அமைப்புக்கு அதன்வழிப் பொருள் திரட்டியது. மொழியில் செபுல்துரா தயங்கி நின்ற இடத்தை முதலிரு குழுக்களும் கடந்தன. கடனைச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் தீர்க்கவேண்டும் என்பதை மூன்றாவது குழு காட்டியது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. செபுல்துரா பிறர் அஞ்சியதைக் கண்டு தானும் அஞ்சிய நாளில் இரவற்குழுவாக இருந்தது. தான் கண்டதற்கு அஞ்சிய நாளில் கலைக்குழுவாயிற்று. தான் கண்டதன் பெயரைச் சொல்லி வெகுண்ட நாளில் தன் மண்ணின் குழுவாயிற்று. பழங்குடியினரின் முழவு அம்மாற்றத்தைச் செய்யவில்லை. அம்மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்ததனால்தான் அம்முழவை நாடிச்செல்லும் தகுதி அவர்களுக்கு உண்டாயிற்று. அயல்வடிவங்களை எடுத்தாளும் எம்மொழிப் படைப்பாளரும், வடிவத்தை எங்கிருந்து பெற்றோம் என்பதினும், நம் அச்சம் நம்முடையதுதானா என்பதையே முதலில் ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.